அட்மிஷன் போட்ட பிறகு

திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னாலும் எனக்கு போன் வந்துவிடும். குழந்தைகள் வார்டிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்ற நர்ஸ் நான் என்பது பட்டரவாக்கம் வரைக்கும் தெரியும். போனில் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "சிஸ்டர், எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி?" தெரிந்ததைச் சொல்லிவிட்டு நான் திருப்பிக் கேட்பேன்: "கூட யாரும்மா இருக்கப் போறது?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. டாக்டர், மருந்து, பணம் எல்லாம் யோசித்திருப்பார்கள். ராத்திரி கட்டில் பக்கத்தில் உட்காரப் போவது யார், அவருக்குச் சோறு எங்கிருந்து வரும், வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளையை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் அட்மிஷன் போட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலையில் இறங்கும்.

கூட இருப்பவருக்கு வார்டில் 'அட்டெண்டர்' என்று பெயர். ஒரு பாஸ் கொடுப்போம், ஒரு ஸ்டூல் காட்டுவோம். அதோடு அவரை மறந்துவிடுவோம். ஆனால் ஊசியும் ட்ரிப்ஸும் எப்படிச் சிகிச்சையோ அப்படியே அவரும் சிகிச்சைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் தளர்ந்துபோன கட்டிலில் குழந்தையும் தளர்ந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்து நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சாதாரண இளைப்பு என்றால் அங்கேயே பார்த்துவிடலாம். தனியாரில் போரூர் ராமச்சந்திராவும், சேத்துப்பட்டு மேத்தா மருத்துவமனையின் வேலப்பன்சாவடிக் கிளையும், தண்டலம் பக்கத்து மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் எழுதிக் கொடுக்கப்படும் பெயர் பெரும்பாலும் 'எழும்பூர்'. ஹால்ஸ் சாலையில் இருக்கும் குழந்தைகள் நல நிலையத்தைத்தான் ஜனங்கள் 'எழும்பூர் குழந்தை ஆஸ்பத்திரி' என்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. நம் ஊரில் குழந்தை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தவர்களில் முன்னோடி டாக்டர் எஸ்.டி. ஆச்சார். அவர் பெயரில் உள்ள பாடப்புத்தகத்தைப் படித்துத்தான் இந்தியாவின் பல தலைமுறைக் குழந்தை மருத்துவர்கள் தேர்வு எழுதினார்கள்.

ஆவடிக்காரர்கள் எலெக்ட்ரிக் டிரெயினில் சென்ட்ரல் வந்து மாறுவார்கள். பூந்தமல்லிக்காரர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையே நேர்வழி. அம்பத்தூரிலிருந்து திருமங்கலம் வந்து மெட்ரோ பிடித்தால் எழும்பூரில் இறங்கலாம். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தினம் சாப்பாடு கொண்டுவரும் பாட்டிக்கும் அத்தைக்கும் இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த குடும்பங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று: மூச்சுத் திணறுகிற, வலிப்பு நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் வரைக்கும் ஆட்டோவில் போகாதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, நிலைப்படுத்தி, 108-ல் அனுப்பட்டும். 2008-லிருந்து ஓடுகிற வண்டி அது. பச்சிளங்குழந்தைகளுக்கென்று இன்குபேட்டர் வைத்த 108 வண்டிகளும் இருக்கின்றன.

அம்மா குழந்தையோடு இருப்பது நமக்குச் சர்வ சாதாரணம். அதனாலேயே அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் எழுபது எண்பது வருடங்களுக்கு முன்பு வரை நிலைமை வேறு. குழந்தையை வார்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விட வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் பார்க்கலாம். அம்மா வந்தால் குழந்தை அழுகிறது, போனால் அமைதியாகிவிடுகிறது, ஆகவே அம்மா வராமலிருப்பதே நல்லது என்று டாக்டர்களும் நர்ஸ்களும் மனதார நம்பினார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குடலிறக்க அறுவைக்காக லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு நாள் இருந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தையைத் தினமும் படம் பிடித்தார். 1952-ல் அந்தப் படத்தை மருத்துவர்களுக்குத் திரையிட்டுக் காட்டியபோது பலருக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் குழந்தை ஊரைக் கூட்டி அழவில்லை. அம்மாவைக் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அமைதி என்று வார்டில் எல்லோரும் நினைத்தது குழந்தை மனம் விட்டுப்போனதன் அடையாளம் என்று ராபர்ட்சன் சொன்னார். அங்கே அரசு அமைத்த பிளாட் குழு 1959-ல் தந்த அறிக்கையில், பெற்றோர் எந்த நேரமும் வரலாம், சின்னக் குழந்தைகளின் அம்மாக்கள் கூடவே தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் எல்லா வார்டுக் கதவும் திறக்கப் பல வருடம் பிடித்தது.

நம் ஊர் வார்டுகளில் அம்மா எப்போதும் இருந்தாள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்றால் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டவும், துணி மாற்றவும், ட்ரிப்ஸ் தீர்ந்ததும் ஓடிவந்து சொல்லவும் அவள் இல்லாமல் முடியாது. தேவைக்காக வந்த ஏற்பாடு குழந்தைக்கு நல்லதாகவே அமைந்தது. வேலை வாங்கிக்கொண்டோம், சரி. அவளுக்கு என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்ல நான் திணறுவேன்.

பட்டாபிராமிலிருந்து வந்த நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்று, டெங்கு. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ட்ரிப்ஸ் ஏற்ற வென்ஃபிளான் ஊசி போட வேண்டும். தட்டைப் பார்த்ததும் குழந்தை ஊசியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தது. அப்பா ஒரு கையை, மாமா ஒரு காலை என்று படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தக் குழந்தை அம்மா கையால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. டெங்குவில் வாய்வழியாக இறங்கும் ஒவ்வொரு டம்ளரும் சிகிச்சை. மருந்துக் கடைகளில் விற்காத ஒன்றை அந்தப் பொய் கெடுத்துவிட்டிருந்தது: அம்மா நீட்டும் டம்ளரில் என்ன இருக்கிறது என்ற நம்பிக்கையை.

எங்கள் ஆயாம்மா ஒருத்தர் காஸ் துணியைச் சுருட்டிக் கட்டி ஒரு பொம்மை செய்து வைத்திருப்பார். அதைக் கொண்டுவந்து குழந்தையின் மடியில் வைத்தேன். ஊசி உருவிய வெறும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும், ஒட்டும் டேப்பும், ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தேன். "பாப்பாவுக்கும் காய்ச்சல். நீதான் டாக்டர்." முதலில் தொடவே இல்லை. பிறகு டேப்பைக் கிழித்துக் கிழித்து பொம்மையின் கை முழுக்க ஒட்டியது. அழுத்தி அழுத்தி ஒட்டியது. "அழாத, அழாத" என்று அதட்டியது. அதன் பிறகு, பாப்பாவுக்குத் தாகம் எடுக்கிறது, நீ கொடு, அப்புறம் நீயும் ஒரு வாய் குடி என்றேன். பொம்மைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று அரை டம்ளர் ஓ.ஆர்.எஸ். இறங்கியது. ராத்திரி அம்மா கையாலேயே கஞ்சி குடித்தது.

நான் செய்தது புதிதான காரியம் இல்லை. வியன்னாவில் மாண்டிசோரி முறையில் குழந்தைகளுக்குக் கற்பித்து, பிறகு அமெரிக்கா போன எம்மா பிளாங்க் என்ற பெண்மணி, 1955-ல் கிளீவ்லாண்ட் நகர ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். விளையாட்டு மூலமாகக் குழந்தைக்குச் சிகிச்சையைப் புரியவைப்பது, ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் மனதைத் தயார் செய்வது, அண்ணன் தம்பிகளிடம் பேசுவது அந்தப் பிரிவின் வேலை. இன்று அமெரிக்காவின் பெரிய குழந்தை மருத்துவமனைகளில் இதற்கென்று படித்தவர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பதவி அரிது. மனமுள்ள நர்ஸும், ஆயாம்மாவும், வாரத்தில் ஒருநாள் வரும் தன்னார்வலர்களும் செய்வதுதான். ஆகவே வீட்டுக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், நான் பிடிச்சிக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் பிடிப்பதைவிட அம்மா மடியில் மார்போடு சாய்த்து உட்காரவைத்து, கையை மட்டும் நீட்டிப் பிடித்தால் குழந்தை பாதி அழுகைதான் அழும். நர்ஸிடம் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் வலி குறைகிறது என்பது ஆராய்ச்சியில் நிரூபணமான விஷயம். இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: "சாப்பிடலேன்னா சிஸ்டர் வந்து ஊசி போட்டுடுவாங்க" என்ற வசனத்தை வீட்டிலும் சொல்லாதீர்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் நிறையப் பேர், தான் ஏதோ தப்புப் பண்ணியதால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பென்சில் தொலைத்ததற்காகவா காய்ச்சல் வந்தது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்ட பையன் உண்டு. ஊசியைத் தண்டனையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தால் அந்த நினைப்பு இன்னும் கெட்டிப்படும்.

பெரிய பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் சட்டையைத் தூக்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது திரையை இழுத்து மூடச் சொல்வது அம்மாவின் உரிமை. வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவு மட்டும் நம் ஊரிலும் வெகுகாலம் கண்ணாடிக்கு அப்பாலேயே இருந்தது. தொற்று பயம். சிசேரியன் தையல் காயாத அம்மா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாடிப்படி ஏறி வந்து, பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு இறங்குவாள். எந்தக் குழந்தை தன்னுடையது என்று கையிலுள்ள பட்டையைப் படித்துத்தான் சொல்வாள். இந்த வழக்கத்தை மாற்றியதில் டெல்லிக்குப் பெரிய பங்கு உண்டு. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் டாக்டர் ஆர்த்தி மரியாவும் அவர் குழுவினரும் அம்மா அப்பாவுக்குக் கை கழுவவும் கவுன் போடவும் கற்றுக்கொடுத்து, குழந்தையைத் துடைப்பது, பால் புகட்டுவது, அபாய அறிகுறி கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் அவர்களிடமே ஒப்படைத்துப் பார்த்தார்கள். 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதை நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலாகவே வெளியிட்டது.

எடை குறைந்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு ஒட்டி வைக்கும் 'கங்காரு' முறை 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. குழந்தை நிலையான பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் படித்தோம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு நாட்டு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே அம்மாவோடு சேர்த்து வைத்த குழந்தைகளில் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. அம்மாவின் கட்டிலும் குழந்தையின் மானிட்டரும் ஒரே அறையில் இருந்ததால் இது முடிந்தது. அம்மா முடியாதபோது அப்பாவும் பாட்டியும் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சு முடியை மழிக்கச் சொல்லி வார்டில் ஒரு அப்பாவை நாங்கள் கேலி செய்ததும், அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஒன்றே கால் கிலோ மகளோடு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. முடி மழிக்க வேண்டியதெல்லாம் இல்லை. குளித்திருந்தால் போதும்.

மற்ற வார்டுகளில் அப்பாக்களின் பாடு தனி. ராத்திரி பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை, அது நியாயம்தான். ஆனால் அவர் வண்டி நிறுத்துமிடத்தில், நடைபாதையில், கொசுக்கடியில் கிடப்பார். ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, லேப் ரிசல்ட் வாங்குவது, மருந்து வாங்குவது எல்லாம் அவர் தலையில். டாக்டர் காலை ரவுண்ட்ஸில் சொன்னதை அம்மா கேட்டு, அப்பாவிடம் சொல்லி, அவர் போனில் ஊருக்குச் சொல்வதற்குள் நோய் வேறொன்றாகியிருக்கும். அதனால் நான் சொல்வது: ஒரு நோட்டு வாங்குங்கள். ராத்திரி தோன்றும் சந்தேகத்தை எல்லாம் எழுதிவையுங்கள். ரவுண்ட்ஸ் நேரத்துக்கு முடிந்தால் இருவரும் இருங்கள். டாக்டர் போனபிறகு நர்ஸிடம், "நான் புரிஞ்சிக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க சிஸ்டர்" என்று திருப்பிச் சொல்லுங்கள். எந்த நல்ல நர்ஸும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அம்மாவுக்கு நேரும் பெரிய கஷ்டம் பார்வையாளர் நேரத்தில் வரும். ஆப்பிள் பையோடு வரும் உறவு கட்டிலைப் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியமாக, "சளி இருக்கும்போதே தயிர் குடுத்தியாமே?" என்று கேட்கும். நிமோனியா தயிரால் வருவதில்லை. குழந்தைக்கு வந்த நோய்க்கு அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் வீடுகளில் அவ்வளவு சுலபமாக நடக்கிறது. ஒரு மாமியாரை நான் வராந்தாவுக்கு அழைத்துப்போய், "ஆயா, மூணு ராத்திரியா உங்க மருமக கண்ணை மூடல. இன்னைக்கு நீங்க உட்காருங்க, அவ போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வரட்டும்" என்றேன். அந்த ஆயா உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க இளைப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர் காலையில் மருமகளைக் கேள்வி கேட்கவில்லை. காபி வாங்கி வந்து கொடுத்தார்.

ஆகவே உறவினர்களே, ஆப்பிள் வேண்டாம். வீட்டில் சமைத்த சோறு, துவைத்த நைட்டி, செல்போன் சார்ஜர், ஒரு வாளியும் மக்கும், ஒரு பெட்ஷீட் கொண்டு போங்கள். நாலு மணி நேரம் மாற்றாக உட்காருங்கள். சாப்பாடு வர வழியே இல்லாதவர்களுக்கு, நகரத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரி வளாகங்கள் சிலவற்றில் அம்மா உணவகம் இருக்கிறது. அழுகை நிற்கவில்லை, தூக்கமே இல்லை, விபரீத எண்ணம் வருகிறது என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். குழந்தைக்குத்தான் நோய், எனக்கென்ன என்று அம்மாக்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை இருக்கிறதே, அது யார் கணக்கிலும் வராது. பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, அத்தை வீட்டில் தூங்கும். திடீரென்று படுக்கையில் மூத்திரம் போகும், பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று உட்காரும். தம்பிக்கு என்ன ஆனது என்று அதனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் கற்பனை நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். தினம் ஒரு வீடியோ கால் போடுங்கள். தம்பி கையிலுள்ள டேப்பைக் காட்டுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி இப்போது ஒடிசா, பீகார் குடும்பங்கள் நிறைய. அந்த அம்மாக்கள் நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். புரிந்தது என்று நினைத்துவிடுவோம். டிஸ்சார்ஜ் ஆன நாலாம் நாள் குழந்தை திரும்பி வரும். மொழி தெரிந்த ஒருவரை, அது பக்கத்துக் கட்டில் அப்பாவாக இருந்தாலும் சரி, கூப்பிட்டுப் பேச வைக்க வேண்டும். தமிழ் தெரிந்தவர்களுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷில்தானே இருக்கிறது? 'ஒரு ஸ்பூன்' என்றால் வீட்டு வீட்டுக்கு ஸ்பூன் மாறும். மருந்தோடு வரும் அளவு மூடியில் ஐந்து மில்லி கோட்டைப் பேனாவால் கறுப்பாக்கிக் கொடுப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அவள் நெற்றிக்கு வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டையையே வாங்கி, காலை மட்டும் உள்ள பாட்டிலுக்கு ஒரு பொட்டு, இரண்டு வேளைக்கு இரண்டு பொட்டு ஒட்டிக் கொடுப்பேன். பிறகு அவளையே ஊற்றிக் காட்டச் சொல்வேன். அந்த ஐந்து நிமிடம் ஒரு மறு அட்மிஷனைத் தடுக்கும்.

காகித விஷயத்துக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அரசு ஆஸ்பத்திரியிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ரேஷன் கார்டும், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் பதிவு மையம் இருக்கும். இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் தடுமாறுகிறார்கள். அம்பத்தூர் 2018-லிருந்து சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். நோய் வந்தபிறகு எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்று அலைவதைவிட, குழந்தை பிறந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்து, காப்பீட்டையும் முடித்து வைத்துவிடுங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கும் மருத்துவக் குழு உண்டு, 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டம். அந்தக் குழு இதயத்தில் சத்தம் கேட்கிறது, காது கேட்கவில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். மேல் சிகிச்சைக்கு இலவச வழி அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்கும்.

மாதக்கணக்கில் இழுக்கும் நோய்களுக்குத் தங்குமிடமே முதல் சிகிச்சை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், தங்க இடமில்லாமல் பாதியில் சிகிச்சையை விட்டுப் போவது பெரிய துயரம். மும்பையில் 2006-ல் தொடங்கிய செயின்ட் ஜூட் என்ற தொண்டு அமைப்பு, அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இலவச அறையும் சமைக்க இடமும் கொடுக்கிறது. சென்னையிலும் அவர்களுடைய மையம் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பார்த்துக் கேட்டால் வழி சொல்வார். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்பதே பலருக்குத் தெரியாது. முதல் நாளே அவரைத் தேடிப் போங்கள்.

இனி எனக்கு ஆறாத விஷயம். நம் பக்கம் அப்பாக்களும் அம்மாக்களும் பெரும்பாலும் கம்பெனி, பட்டறை, எக்ஸ்போர்ட் துணி வேலை செய்பவர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, குழந்தைக்கும் அதில் மருத்துவம் உண்டு. ஆனால் தொழிலாளிக்கு உடம்பு முடியாவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தரும் இ.எஸ்.ஐ., அவர் குழந்தை ஐ.சி.யூ.வில் கிடந்தால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு நாளுக்கும் தராது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள். மெஷின் ஓட்டும் பெண்ணுக்குப் பூஜ்யம். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் போன் அடிப்பார், நாலாம் நாள் அவள் என்னிடம் வந்து, "சிஸ்டர், டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க, வேலை போயிடும்" என்று நிற்பாள். குழந்தைக்கு ஆன்டிபயாடிக் இன்னும் மூன்று நாள் பாக்கியிருக்கும். ஒரு சின்ன உதவி சட்டத்தில் இருக்கிறது, அதுவும் யாருக்கும் தெரியாது: குறைமாதப் பிரசவத்தால் அம்மாவுக்கு உடல்நலக் கேடு என்று மருத்துவச் சான்று இருந்தால், 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேல் இன்னொரு மாதம் சம்பளத்தோடு கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. விதியில், குழந்தை உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்குப் பெற்றோரில் ஒருவருக்குப் பாதிச் சம்பளமாவது சேர்க்க வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தையின்போதே மேஜையில் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மருத்துவமனைகளிடம் கேட்பது இன்னும் எளியது: தாழ்ப்பாள் உள்ள குளியலறை, பூட்டுப் போட ஓர் அலமாரி, ராத்திரி அப்பாக்கள் படுக்கக் கூரையுள்ள ஒரு கூடம்.

சட்டம் மாறும் வரைக்கும் முதலாளிகள் காத்திருக்கத் தேவையில்லை. தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தன்னிடம் வேலை பார்க்கும் பையனின் மகனுக்கு நிமோனியா என்றதும் அவனை இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றினார். காலையில் அப்பா வார்டில், மதியம் அம்மா வந்து மாற்றிக்கொண்டாள். பையனுக்குச் சம்பளம் குறையவில்லை, பட்டறையில் வேலை நிற்கவில்லை, குழந்தைக்கு மருந்து முழுசாக முடிந்துதான் டிஸ்சார்ஜ் ஆனது. இதை உங்கள் பட்டறையிலும் கேட்டுப் பாருங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் வார்டு நர்ஸிடம் சொல்லுங்கள், குழந்தை உள்நோயாளியாக இருக்கிறது என்ற கடிதத்தை டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பணம் கிடையாது.